மார்கழியில் வந்த கம்பளி

குன்னூர்,
9 ஜூலை 2024

பிரியமுள்ள அண்ணனுக்கு,

இவாஞ்சலின் எழுதுகிறேன். கர்த்தர் தயவில் எனக்குச் சுகக்குறைவு ஒன்றும் இல்லை. நீங்களும் வீட்டில் உள்ளவர்களும் நலமாக இருக்க வேண்டும் என்பதே என் ஜெபம். காது எப்படி இருக்கிறது? போன கிறிஸ்துமஸுக்கு நான் போனில் கூப்பிட்டபோது "யாரு? யாரு பேசுதது?" என்று நாலு தடவை கேட்டுவிட்டு வைத்துவிட்டீர்கள். முப்பத்தெட்டு வருடம் ஸ்பின்னிங் மில் இரைச்சலில் நின்ற காதைக் குறை சொல்ல முடியாது. அதனால்தான் கடிதம்.

ஒரு உதவி வேண்டும். இத்துடன் மூன்று பட்டுச் சேலைகள் அனுப்பியிருக்கிறேன். அம்மாவின் அரக்குப் பட்டு, ஜீனா கல்யாணத்துக்கு நான் எடுத்தது, பள்ளி விழாவுக்குக் கட்டிய நீலம். இங்கே ஒரு மாதமாகச் சாரல் விடவில்லை. சேலை மடிப்பில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை. பள்ளி விடுதியின் துணி அறையில் பதினாறு வருடமாக முந்நூறு பிள்ளைகளின் துணியைப் பார்க்கிற எனக்கே என் சேலையைக் காப்பாற்ற முடியவில்லை. நம் கரிசல்காட்டு வெயிலுக்குப் பூஞ்சை பிழைக்காது. கொஞ்ச காலம் அங்கே இருக்கட்டும்.

பிளாஸ்டிக் பையில் வைக்க வேண்டாம், பட்டு புழுங்கிவிடும். பழைய பருத்தி வேட்டியில் சுற்றி வையுங்கள். கஞ்சி போட்ட வேட்டி வேண்டாம், பூச்சி கஞ்சியைத் தேடி வரும். பாச்சா உருண்டை போட்டால் சரிகை கறுத்துப்போகும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிரித்து, நிழலில் ஆறவிட்டு, மடிப்பை மாற்றி மடிக்க வேண்டும். ஒரே மடிப்பில் கிடந்தால் அந்த இடத்தில் இற்றுவிடும்.

பதிலைப் பள்ளி முகவரிக்குப் போட வேண்டாம். அலுவலகத்தில் தபால் தேங்கிவிடுகிறது. என் தோழி உமாராணி டீச்சர் வீட்டு முகவரியைக் கீழே எழுதியிருக்கிறேன்.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புத் தங்கை,
இவாஞ்சலின்

*

கோவில்பட்டி,
2 ஆகஸ்ட் 2024

அருமைத் தங்கை இவாவுக்கு,

அண்ணன் எட்வர்ட் எழுதுவது. இங்கே ஆண்டவர் நடத்துகிறபடி நடக்கிறது. உன் சுகத்தைக் கேட்டுச் சந்தோஷம். மகன் பெனோ ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கிறான். மகள் ஜீனா பிள்ளைகளோடு பள்ளி விடுமுறைக்கு வந்துபோனாள். உன் மதினி இஞ்ஞாசி நன்றாக இருக்கிறாள்.

பார்சல் வந்தது. தபால்காரர் கொம்பையா என்னிடம் ஏதோ கேட்டார். எனக்கு விளங்கவில்லை. கடைசியில் கையெழுத்துப் போடுவது போலக் காற்றில் எழுதிக் காட்டினார். போட்டேன்.

நீ சொன்னபடி ஒரு வேட்டி கஞ்சி போக இரண்டு தண்ணீரில் அலசிக் காயவைக்கப்பட்டது. சேலைகள் மூன்றும் அதில் சுற்றப்பட்டுவிட்டன. பக்கத்துத் தீப்பெட்டி ஆபீஸில் இருந்து நல்ல அட்டைப்பெட்டி கிடைத்தது. அதில் வைத்துப் பரணில் ஏற்றியாகிவிட்டது. அம்மாவின் பட்டில் முந்திப் பக்கம் ஒரு நூல் இழுத்திருக்கிறது. அது வரும்போதே இருந்தது என்று உனக்கு எழுதிவிட வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

மழை இல்லை. காடு முழுக்க உழுது வெடித்துக் கிடக்கிறது. உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணன்,
எட்வர்ட்

*

குன்னூர்,
25 ஆகஸ்ட் 2024

பிரியமுள்ள அண்ணனுக்கு,

நலம். உங்கள் நலத்தைக் கடிதத்தில் கண்டேன். ஜீனா பிள்ளைகளைப் பற்றி இன்னும் இரண்டு வரி எழுதியிருக்கலாம்.

அண்ணா, அந்தத் தீப்பெட்டி ஆபீஸ் பெட்டியில் இருந்து சேலைகளை உடனே எடுத்துவிடுங்கள். தீக்குச்சி மருந்து வாடை பட்டில் ஏறினால் இறங்காது. நூல் இழுத்தது என் கைவேலைதான். யார் மேலும் நான் குறை நினைக்கவில்லை.

இப்போது ஒரு தோல் பையும், கவரிங் நகை ஒரு டப்பாவும் அனுப்புகிறேன். பை பள்ளியில் அன்பளிப்பாகக் கொடுத்தது. புதுசு. இங்கே ஈரத்தில் பச்சை பிடிக்கிறது. ஆனால் உங்கள் வெயிலும் தோலுக்கு ஆகாது, வெடித்துப்போகும். தேங்காய் எண்ணெய் தடவினால் பளபளவென்றுதான் இருக்கும். பிறகு சிக்கு வாடை அடிக்கும். நிறமில்லாத பாலிஷைத் துணியில் தொட்டு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை லேசாகத் துடைத்தால் போதும். வடிவம் கெடாமல் இருக்க உள்ளே வெள்ளைத் தாளைக் கசக்கி வையுங்கள். செய்தித்தாள் என்றால் மை ஒட்டும்.

கவரிங் வளையல்களை ஒன்றோடொன்று உரசவிடாமல் தனித்தனியாகப் பஞ்சில் வைக்க வேண்டும். ஒன்றையொன்று உரசினால் இரண்டுமே வெளுத்துப்போகும்.

மற்றபடி இங்கே விசேஷம் ஒன்றுமில்லை. வேலை வழக்கம்போல.

அன்புத் தங்கை,
இவாஞ்சலின்

*

கோவில்பட்டி,
6 அக்டோபர் 2024

அருமைத் தங்கை இவாவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மனதில் வைத்துக்கொள்ளாதே. செப்டம்பர் பதினேழாம் தேதி வலது கண்ணில் புரை எடுத்தார்கள். பத்து நாள் குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, தூசியில் நிற்கக் கூடாது என்று உத்தரவு. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தே இருந்தேன். இப்போது நன்றாகத் தெரிகிறது. உன் கையெழுத்து இவ்வளவு சிறியது என்று எனக்கு இப்போதுதான் தெரியும்.

உன் பொருட்கள் பத்திரம். அந்தப் பத்து நாளுக்குள்ளேயே பட்டுகள் மூன்றையும் பிரித்து, நிழலில் ஆறவிட்டு, மடிப்பு மாற்றி மடித்தாயிற்று. பைக்குப் பாலிஷ் வாங்கியாயிற்று. வளையல்கள் ஒவ்வொன்றும் பஞ்சுக்குள் முட்டை மாதிரி உட்கார்ந்திருக்கின்றன. இப்போது எல்லாம் பரணில் இல்லை. பீரோவின் மேல்தட்டில் இருக்கின்றன.

ஜீனாவின் மூத்தவள் என் காதுக்குள் கத்தி ஆங்கிலப் பாட்டுப் பாடினாள். சின்னவன் என் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு தெருமுனை வரை போய்விட்டான். நீ கேட்ட இரண்டு வரி இது.

உன் அண்ணன்,
எட்வர்ட்

*

குன்னூர்,
20 அக்டோபர் 2024

பிரியமுள்ள அண்ணனுக்கு,

கண் நல்லபடியாக ஆனதற்கு ஸ்தோத்திரம். சொட்டு மருந்தை நிறுத்திவிடாதீர்கள்.

உங்கள் கடிதத்தை மூன்று தடவை வாசித்தேன். பீரோ என்று எழுதியிருந்த இடத்தில் கொஞ்சம் நின்றுவிட்டேன். பிறகு இன்னொன்று தோன்றியது. குனியக் கூடாது என்று கறுப்புக் கண்ணாடியோடு நாற்காலியில் இருந்தவர் மூன்று பட்டை விரித்து மடித்திருக்க முடியாது. ஆறு கெஜத்தைத் தனியாள் மடிப்பதே கஷ்டம். யார் மடித்தது என்று நான் கேட்கவில்லை. மடித்தவருக்கு நன்றி என்று மட்டும் எழுதுகிறேன்.

இந்தத் தடவை சின்னப் பெட்டி. முத்துமாலை. உமாராணி டீச்சரோடு ஒரு விடுமுறைக்குப் போனபோது வாங்கியது. எனக்கென்று ஆசைப்பட்டு வாங்கிய ஒரே நகை. முத்து மற்றக் கல் மாதிரி இல்லை. காற்றுப்புகாமல் பூட்டி வைத்தால் மங்கும். வறண்ட வெயிலும் ஆகாது. மனிதத் தோலின் ஈரம் பட்டுக்கொண்டே இருந்தால்தான் அதற்கு உயிர். அதனால் வாரம் ஒருமுறையாவது யாராவது கழுத்தில் போட வேண்டும். பவுடர், சென்ட் எல்லாம் முடித்த பிறகு கடைசியாகப் போட்டு, வீட்டுக்கு வந்ததும் முதலில் கழற்றி, மெல்லிய துணியால் துடைத்து வைக்க வேண்டும்.

யாராவது என்றுதான் எழுதியிருக்கிறேன்.

அன்புத் தங்கை,
இவாஞ்சலின்

*

கோவில்பட்டி,
3 டிசம்பர் 2024

அருமைத் தங்கை இவாவுக்கு,

எல்லோரும் சுகம். மழை பிந்தி வந்தாலும் வந்துவிட்டது. ஊரைச் சுற்றி உளுந்தும் மக்காச்சோளமும் பச்சையாக நிற்கின்றன. செருப்போடு காட்டில் இறங்கினால் கரிசல் மண் செருப்பைப் பிடித்துக்கொண்டு தர மாட்டேன் என்கிறது.

ஆறு வாரம் பதில் போடாததற்குக் காரணம் உன் முத்துமாலை.

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முதல் பார்சலில் இருந்தே எல்லாம் செய்தது இஞ்ஞாசிதான். வேட்டியை அலசியது, பரணில் ஏற்றியது, இறக்கியது, பாலிஷ் போட்டது எல்லாம். உன் கடிதம் வந்ததும் "வாசிங்க" என்பாள். வாசிப்பேன். கேட்காத மாதிரி அரிசி புடைத்துக்கொண்டிருப்பாள். மறுநாள் பார்த்தால் நீ எழுதியதெல்லாம் நடந்திருக்கும். "ஏம்பேர எழுதக் கூடாது" என்று சொல்லிவிட்டாள். அதனால்தான் எல்லாவற்றையும் "ஆயிற்று, ஆயிற்று" என்று எழுதினேன்.

முத்துமாலைக் கடிதத்தை வாசித்ததும் கேட்டாள்.

"இது யாருக்காம்?"

"யாராவது போடணுமாம். இல்லன்னா மங்கிருமாம்."

"அப்ப நீங்களே போட்டுக்கிடுங்க."

அதோடு சரி. பெட்டி டிவி பக்கத்தில் ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது. அவள் அதைத் தூக்கி, கீழே துடைத்துவிட்டு, அதே இடத்தில் வைப்பாள். திறக்க மாட்டாள். உனக்கு என்ன எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

போன ஞாயிறு காலையில் கோயிலுக்குப் புறப்பட்டவள் வாசல் வரை போய்த் திரும்பி வந்தாள். பெட்டியைத் திறந்தாள். எனக்குக் கேட்க வேண்டும் என்று கத்தித்தான் சொன்னாள். "பெட்டிலயே கெடந்து மங்கிப்போச்சுன்னா அதுக்கும் எம்மேலதாம் பழி வரும்!" கண்ணாடி பார்க்காமலேயே மாட்டிக்கொண்டு போனாள். திரும்பி வந்ததும் முதலில் அதைத்தான் கழற்றினாள். துடைத்து வைத்த பிறகுதான் எனக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

உன் அண்ணன்,
எட்வர்ட்

*

குன்னூர்,
14 டிசம்பர் 2024

பிரியமுள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தை உமாராணி டீச்சரிடம் வாசித்துக் காட்டினேன். இருவரும் சிரித்தோம். பிறகு நான் கொஞ்சம் அழுதேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

மதினிக்கு என் அன்பைச் சொல்லுங்கள். பதினாறு வருடத்தில் இந்த வரியை இப்போதுதான் எழுதுகிறேன்.

இது கடைசிப் பார்சல். ஒரு கம்பளிக் கோட்டு, இரண்டு ஸ்வெட்டர், ஒரு சால்வை. கோட்டைத் துவைக்க வேண்டாம். பிரஷ்ஷால் ஒரே பக்கமாகத் தேய்த்து, காற்றாட விட்டால் போதும். ஸ்வெட்டரைப் பச்சைத் தண்ணீரில் பூந்திக்கொட்டை ஊறவைத்து, அதில் அமுக்கி அமுக்கி எடுக்க வேண்டும். சோப்புப் போட்டுக் கும்மினால் சுருங்கிப் பொம்மைச் சட்டை ஆகிவிடும். முறுக்கிப் பிழியவும் கூடாது. பெரிய துண்டில் வைத்து, பாயைச் சுருட்டுவது போலச் சுருட்டி அமுக்கினால் தண்ணீர் போய்விடும். கொடியில் தொங்கவிடாமல் கட்டிலில் பரப்பிக் காயவையுங்கள். தொங்கவிட்டால் கை முழங்கால் வரை நீளும். காய்ந்த வேப்பிலையைத் துணியில் முடிந்து நடுவில் வைத்தால் அந்துப்பூச்சி வராது. வேப்பிலைக்கு உங்கள் ஊரில் பஞ்சமில்லை.

இங்கே இந்த வருடம் அவ்வளவு குளிர் இல்லை. எல்லோருக்கும் கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்.

அன்புத் தங்கை,
இவாஞ்சலின்

*

கோவில்பட்டி,
30 டிசம்பர் 2024

இவாவுக்கு,

பண்டிகை நல்லபடியாகப் போயிற்று. நீ நன்றாக இருக்கிறாயா? எப்போதும் கேட்கிற கேள்விதான். இந்தத் தடவை பதில் தெரிந்தாக வேண்டும்.

பார்சல் பண்டிகைக்கு மூன்று நாள் முன்பு வந்தது. இஞ்ஞாசி பிரித்தாள். கோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு என்னைத் தட்டிக் கூப்பிட்டாள்.

"ஏங்க, இது என்ன மாசம்?"

"மார்கழி."

"மார்கழில கம்பளிய இங்கன அனுப்பிட்டு, அங்கன அவ எதப் போத்திக்கிட்டுப் படுக்குதா?"

 அன்றைக்கு டிவியில் நீலகிரியில் உறைபனி என்று காட்டினார்கள். புல்வெளி முழுக்க உப்பைக் கொட்டியது போல இருந்தது. நீ குளிர் இல்லை என்று எழுதியிருக்கிறாய்.

அதன் பிறகு உன் கடிதங்களையெல்லாம் எடுத்து மறுபடி வாசித்தோம். பள்ளி முகவரிக்கு எழுத வேண்டாம் என்றாய். புதுப் பையைப் பள்ளியில் அன்பளிப்பாகக் கொடுத்தார்கள் என்றாய். வேலையில் இருக்கிறவளுக்கு எதற்கு அன்பளிப்பு? முதலில் பட்டு, பிறகு பை, பிறகு ஆசைப்பட்டு வாங்கிய நகை, இப்போது போர்த்துகிற கம்பளி. பத்திரமாக வைக்கக் கொடுக்கிற மாதிரி இல்லை. இருக்கிறதையெல்லாம் பிரித்துக் கொடுக்கிற மாதிரி இருக்கிறது. உடம்புக்கு ஏதாவதா? எதுவானாலும் மறைக்காதே.

இன்னொன்றும் எழுத வேண்டும். பதினாறு வருடத்துக்கு முன்னால் நான் ஷிப்டு முடிந்து வந்தபோது நீ வீட்டில் இல்லை. உன் தையல் பள்ளிச் சம்பளத்தில் வாங்கிய பீரோ மட்டும் திறந்து கிடந்தது. "ஒத்த ஆளுக்கு ஒரு பீரோவா, எம் பிள்ளைகளுக்குத் துணி வைக்க எடம் வேண்டாமான்னு கேட்டேன், போயிட்டா" என்று இஞ்ஞாசி சொன்னாள். ஆறு மாதம் அவளோடு நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஜீனா கல்யாணத்துக்கு வந்த நீ லாட்ஜில் தங்கியபோதும் அவளைத்தான் ஏசினேன். உன்னை வீட்டை விட்டு அனுப்பியவள் என்று இத்தனை வருடமும் மனதுக்குள் வைத்திருந்தேன். அவளேதான் இன்றைக்கு உனக்குப் போர்வை இருக்கிறதா என்று கேட்கிறாள்.

பதில் எழுது. ஒரு மாதம் பார்ப்பேன். வராவிட்டால் புறப்பட்டு வருவேன். காது கேட்காதவன் மலை ரயிலில் எங்கே இறங்குவான் என்பதை நீ யோசித்துக்கொள்.

எட்வர்ட்

*

குன்னூர்,
26 ஜனவரி 2025

பிரியமுள்ள அண்ணனுக்கு,

பயப்பட வேண்டாம். உடம்புக்கு ஒன்றுமில்லை. இந்தக் கடிதத்தை நாலு தடவை எழுதிக் கிழித்தேன்.

போன மே மாதம் எனக்கு ஐம்பத்தெட்டு முடிந்தது. வேலையில் இருந்து ஓய்வு. வேலையோடு தங்கிய அறையும் போயிற்று. அந்தப் பை வழியனுப்பு விழாவில் கொடுத்தது. நீங்கள் கண்டுபிடித்தது சரி. இப்போது பெண்கள் விடுதி ஒன்றில் மூன்று பேர் இருக்கிற அறையில் இருக்கிறேன். ஆளுக்கு ஒரு கட்டில், சுவரில் ஒரு தட்டு. பகலில் ஒரு டிரைவாஷ் கடையில் துணி வாங்கி, எந்தத் துணிக்கு எந்தச் சலவை என்று சீட்டுக் கட்டுகிறேன். வேலை பிடித்திருக்கிறது. கம்பளி இல்லாமல் இல்லை. ஒரு ஸ்வெட்டரை வைத்துக்கொண்டேன். ராத்திரிக்கு அது போதவில்லை, உண்மைதான்.

துணியையெல்லாம் வைக்க இடமில்லை என்பதற்காக மட்டும் அனுப்பவில்லை, அண்ணா. வரட்டுமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. என் சேலைக்கு அந்த வீட்டில் இடம் கிடைக்கிறதா என்று பார்த்தேன். கிடைத்தது. பைக்குக் கிடைத்தது. அப்படியே ஒவ்வொன்றாக அனுப்பிக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு நடந்ததை நீங்கள் பாதிதான் கேட்டிருக்கிறீர்கள். மதினி பீரோவைப் பற்றிக் கேட்டாள். கேட்டதில் தப்பு இல்லை. பெனோவின் பள்ளிச் சட்டைகள் அப்போது சாக்குப்பையில்தான் கிடந்தன. நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? "நாலு சேலையோட இந்த வீட்டுக்கு வந்தவளுக்கு பீரோ எதுக்கு?" என்றேன். பிள்ளைகள் இருவரும் நின்றுகொண்டிருந்தார்கள். மதினி முகம் போன போக்கைப் பார்த்த பிறகு எனக்கு அங்கே இருக்க முடியவில்லை. அவள் என்னை அனுப்பவில்லை. நானாகத்தான் போனேன்.

இதை அவள் உங்களிடம் சொல்லியிருப்பாள், அதனால்தான் நீங்கள் என்னைக் கூப்பிடவில்லை என்றே இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். உங்கள் கடிதத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, அவள் சொல்லவே இல்லை.

நீங்கள் புறப்பட்டு வர வேண்டாம். இந்தக் கடிதத்தை மதினியிடம் வாசித்துக் காட்டுங்கள். என்னை மன்னிக்கும்படி கேட்டேன் என்று சொல்லுங்கள். அதற்கு மேல் கேட்க எனக்கு உரிமை இல்லை.

இவாஞ்சலின்

*

கோவில்பட்டி,
9 பிப்ரவரி 2025

இவாஞ்சலினுக்கு இஞ்ஞாசியம்மாள் எழுதுறது.

மாதா புண்ணியத்துல நாங்க நல்லாருக்கோம். நீ நல்லால்லன்னு எழுதிட்ட, அதனால அதக் கேக்கல. நான் எட்டாப்பு. பேசுத மாதிரிதான் எழுத வரும். தப்பு இருந்தா திருத்தி வாசிச்சிக்கோ.

ஒன் கடுதாசிய ஒங்கண்ணன் வாசிச்சாவ. காது கேக்காதவிய எவ்வளவு சத்தமா வாசிப்பாவன்னு ஒனக்குத் தெரியாது. நாலு சேலைக் கத இப்ப எங்க லைன் வீடு பன்னெண்டுக்கும் தெரியும். எதுத்த வீட்டு வெயிலம்மாள் வந்து "நாலா மதினி, நான் அஞ்சுன்னுல்லா நெனச்சேன்" அப்படிங்கா.

 அன்னைக்குச் சாயங்காலம் அவிய வாரியல எடுத்து வாசல் முத்தத்துக் குப்பயத் தூத்தாவ. முப்பத்தி நாலு வருசத்துல மொதத் தடவ. தூத்தி முடிச்சிட்டு, "ஏன் எங்கிட்டச் சொல்லல?"ன்னு கேட்டாவ. மன்னிப்புக் கேக்க அவியளுக்குத் தெரியாது, அவ்வளவுதான் தெரியும்.

நான் ஏன் சொல்லலன்னு நீயும் கேப்ப. பெரிய மனசுல மறைக்கல. அதச் சொன்னா நான் நாலு சேலையோட வந்தது அவியளுக்கும் ஞாபகம் வந்துரும்லா. அந்த வெக்கம். நீ சொன்னது பொய்யா இருந்திருந்தா அன்னைக்கே ஊரக் கூட்டியிருப்பேன். உண்மையா இருந்ததுனால வாய மூடிக்கிட்டேன். ஒம்மேல கோவம் இருந்துச்சு. நெறைய இருந்துச்சு. ஜீனா கல்யாணத்துல நீ லாட்ஜுல எறங்குனது எனக்குச் சந்தோசமாத்தான் இருந்துச்சு. அதயும் எழுதிட்டேன்.

ஒஞ் சேலைய மொதநாளு பிரிச்சப்ப, தூக்கி மூலைல போடணும்னுதான் எடுத்தேன். அத்தையோட அரக்குப் பட்டு. என் மொதப் பிரசவத்துல, பெனோ பெறக்கையில, அத்த அதக் கட்டிக்கிட்டுத்தான் ஆசுபத்திரிக்கு வந்தாவ. மாத்திக்கிட நேரமில்லாம கல்யாண வீட்டுல இருந்து ஓடி வந்தாவ. நூலு இழுத்துருக்கிற எடத்தப் பாத்து என்னால ஒன்ன ஏச முடியல. அப்படியே மடிச்சி வச்சேன். பெறகு ஒண்ணொண்ணா வந்துச்சு, நானும் வச்சேன். ஸ்வெட்டருக்கு நீ சொன்ன மாதிரியே துண்டுல சுருட்டி ஏறி மிதிச்சேன். சுருங்கல.

பெனோ இருந்த ரூம்பு சும்மாத்தான் கெடக்கு. கட்டில் இருக்கு. நீ அங்கன ராத்திரி நடுங்கிக்கிட்டு கெடக்க, ஒங் கம்பளி இங்கன வெயில்ல வேப்பெல வாசத்தோட கெடக்கு. இது என்ன கூத்து? கெளம்பி வா.

ஒண்ணு மட்டும் சொல்லிப்புடுதேன். நான் மாறிட்டேன்னு நெனச்சிக்கிட்டு வராத. மறுபடியும் ஏதாவது சொல்லுவேன். எனக்கு வாய் அப்படி. நீயும் திருப்பிச் சொல்லு. நல்லாச் சொல்லு. ஆனா மறுநாளு காலைல நீ வீட்டுல இருக்கணும்.

இஞ்ஞாசி

*

கோவில்பட்டி,
13 ஏப்ரல் 2025

மதிப்புக்குரிய உமாராணி டீச்சருக்கு,

இவாஞ்சலினின் அண்ணன் எட்வர்ட் எழுதும் கடிதம். தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். நான் தங்களைப் பார்த்ததில்லை. ஆனால் ஏழு மாதம் என் கடிதங்கள் தங்கள் வீட்டு வழியாகத்தான் என் தங்கைக்குப் போயின. அதற்கு நன்றி சொல்லாமல் இருப்பது முறையல்ல.

அவள் மார்ச் எட்டாம் தேதி வந்து சேர்ந்தாள். பகல் ரயில். ஸ்டேஷனுக்கு நாங்கள் இருவரும் போயிருந்தோம். இறங்கியதும் என் மனைவியும் அவளும் ஒருவரையொருவர் பார்த்தபடி நின்றார்கள்.  பிறகு இஞ்ஞாசி அவள் கையில் இருந்த பெட்டியை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

இரண்டு நாள் அமைதியாகப் போயிற்று. எனக்கு அந்த அமைதிதான் பயமாக இருந்தது. மூன்றாம் நாள் காலையில் கொடிப் பக்கம் சண்டை. என் மனைவியின் சுங்குடிச் சேலைக்குக் கஞ்சி போடுவதில் தகராறு. கஞ்சி கெட்டியாக இருந்தால் துணி மடிப்பில் ஒடியும் என்பது ஒரு கட்சி. கஞ்சி இல்லாத சுங்குடி சேலையே இல்லை என்பது இன்னொரு கட்சி. இதெல்லாம் பிறகு எதிர் வீட்டு வெயிலம்மாள் எழுதிக் காட்டித்தான் எனக்குத் தெரியும். அப்போது நான் ஜன்னல் வழியாகப் பார்த்தது இரண்டு வாய்களும் நான்கு கைகளும்தான். திடீரென்று இவா சேலையை வாளிக்குள் போட்டுவிட்டு விறுவிறுவென்று உள்ளே வந்தாள். அவள் அறைக்குள் போனாள்.  பதினாறு வருடத்துக்கு முன்னால் நான் ஷிப்டில் இருந்தேன். இப்போது வீட்டில் இருக்கிறேன், தடுக்க வேண்டும் என்று எழுந்தேன்.

அதற்குள் அவள் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரும்ப வெளியே போய்விட்டாள். அந்தச் சேலையின் நெசவை இஞ்ஞாசியின் முகத்துக்கு நேரே பிடித்துக் காட்டி, விட்ட இடத்தில் இருந்து பேச ஆரம்பித்தாள்.

அன்று மத்தியானம் இருவரும் ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது இருவரும் வந்து உட்கார்ந்து, வலது காதில் ஒருத்தியும் இடது காதில் ஒருத்தியுமாகத் தங்கள் நியாயத்தைக் கத்திக் கத்திச் சொன்னார்கள். எனக்கு இரண்டு காதும் சரியாகக் கேட்காது என்பது இருவருக்கும் நன்றாகத் தெரியும். நான் இரண்டு பக்கமும் தலையை ஆட்டிவிட்டு, இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னேன்.

கோடை விடுமுறைக்குத் தாங்கள் ஒருமுறை இங்கே வந்து போக வேண்டும் என்று இருவரும் எழுதச் சொன்னார்கள். தனித்தனியாகச் சொன்னார்கள்.

என்றும் நன்றியுள்ள,
எட்வர்ட்